வாயில் படாத கறி

கென்சிங்டன், ஜொஹானஸ்பர்க்
3 ஆகஸ்ட் 1997

மொசெலே, என் அருமை நாத்தனாரே,

உங்கள் மலையில் அமைதியும் மழையும் இருக்கட்டும். நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன்; நீங்கள் எல்லாம் எப்படியோ, நீ எழுதினால்தான் தெரியும். முழங்கால் வலி போன குளிருக்கு இந்தக் குளிர் பரவாயில்லை. உன் இருமல் நின்றதா? வாயை மூடினால் பாதி இருமல் போகும் என்று உன் அண்ணன் லெபோனா உன்னைக் கேலி செய்வாரே. பாவம், சுரங்கத் தூசியில் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார், அதுவரை அடுத்தவர் இருமலைக் கேலி செய்வதை நிறுத்தவில்லை.

கபி அண்ணன் வேனில் ஒரு பை வருகிறது. சர்க்கரை, தேயிலை, மேடம் வேண்டாம் என்று போட்ட கோட்டு. கோட்டை நீயே போட்டுக்கொள். உன் பெரியண்ணன் மொகெத்தி கண்ணில் பட்டால் அவர் தோளுக்குப் போய்விடும்.

இந்த மாதமும் வர முடியவில்லை. மாதாமாதம் நம் நாட்டு எல்லைப் பாலம் வரை போய்ப் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக்கொண்டு திரும்ப வேண்டும். மேடம் விட்டால்தானே? "அடுத்த மாசம், மேரி, அடுத்த மாசம்" என்று சொல்லிச் சொல்லி முத்திரை காலாவதியாகிவிட்டது. பாஸ்போர்ட்டும் அவள் அலமாரியில்தான். "உன் ரூம்ல தொலைஞ்சிரும், நான் பத்திரமா வச்சிருக்கேன்" என்கிறாள். இங்கே என் பெயர் மேரிதான், அவளுக்கு மாகெனுவே என்று நாக்குப் புரளவில்லையாம். கெனுவேயின் அம்மா என்று அர்த்தம் என்றேன். "அப்ப கெனுவே யாரு?" என்றாள். இந்த வீட்டில் நான் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, மொசெலே.

கெனுவே ஜனவரியில் மிஷன் பள்ளி விடுதிக்குப் போகிறாள். அதில் மாற்றம் கிடையாது, யார் என்ன சொன்னாலும். அவள் காலை ஒரு தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பு. நல்ல தோல் பூட்ஸ் இங்கே மலிவாகக் கிடைக்கிறது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.
உன் அண்ணி, மாகெனுவே


ஹா ரமொசா, மொகொட்லாங்
31 ஆகஸ்ட் 1997

அன்பு அண்ணிக்கு,

நாங்கள் இருக்கிறோம். பனி விழுந்து கொட்டகைக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது, மற்றபடி நலம். நீங்களும் நலமாக இருங்கள், முழங்காலுக்குச் சூடு கொடுங்கள். கோட்டு எனக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. அண்ணன் பார்த்துவிட்டார். "கோட்டுல பொம்பள பொத்தான் வச்சிருக்கு, இல்லைன்னா நான் எடுத்திருப்பேன்" என்றார். பொத்தான் வைத்தவன் வாழ்க.

ஒரு கெட்ட செய்தி. அண்ணனின் மாடுகளைத் திருடர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். துப்பாக்கியோடு வந்தார்களாம். தடம் பார்த்துக்கொண்டு மலை முகடுவரை போய் வெறும் கையோடு திரும்பினார். சுரங்க வேலையும் போய், தொழுவமும் காலியாகி, மனிதர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். குடிக்கிறார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மகள் வளர்ந்துவிட்டாள். தண்ணீர் எடுக்கப் போனால் அங்கே ரேடியோ பாடுகிறது. த்லாலி ஊர் மாமொஹாபியின் மகன் மொஹாபி, புதுக் கம்பளி போர்த்திக்கொண்டு, ரேடியோவோடு வந்து நிற்கிறான்; தன் குதிரைக்கு நம் ஊற்றில்தான் தாகம் தீருமாம். கெனுவே அவனிடம், "உங்க ஊர்த் தண்ணியைக் குடிக்க உங்க குதிரைக்கு வாய் இல்லையா?" என்று கேட்டாளாம். சிரித்துச் சிரித்து எனக்கு மறுபடி இருமல் வந்துவிட்டது.

கால் அளவு அடுத்த முறை. அவள் துணி துவைக்கப் போயிருக்கிறாள், கபி அண்ணன் ஹாரன் அடித்து உயிரை வாங்குகிறார்.

உங்கள் மொசெலே


கென்சிங்டன்
22 செப்டம்பர் 1997

மொசெலே,

உங்கள் கூரையும் உடம்பும் நேராக நிற்கட்டும். நான் நலம். மூத்தாருடைய மாடுகளுக்காக உண்மையாகவே வருந்தினேன், அவரிடம் சொல்.

அந்தக் குதிரைக்காரன் விஷயத்தில் நீ சிரித்தது போல எனக்குச் சிரிப்பு வரவில்லை. கெனுவேயைத் தனியாகத் தண்ணீருக்கு அனுப்பாதே. நீயும் கூடப் போ. ஒரு குடத்துக்கு இரண்டு பேரா என்று யாராவது கேட்டால், அண்ணி சொன்னாள் என்று சொல். பெண்ணுக்கு மாடு கொடுத்துக் கட்டுகிற ஊர் நம்முடையது; தொழுவம் காலியான வீட்டில் வயசுப் பெண் இருந்தால் ஊரார் கண் அவளை மாடாகத்தான் பார்க்கும்.

இங்கே மேடத்துக்கு இரண்டு சின்னப் பெண்கள். எனக்கு முன்னால் அவர்கள் தூங்க வேண்டும், அவர்களுக்கு முன்னால் நான் எழ வேண்டும். இரண்டு நாய்கள் வேறு. அவற்றுக்கு மாட்டுக்கறியை நான்தான் வேகவைக்கிறேன், எலும்பு நீக்கி. அந்தக் கறி வேகும்போது உங்கள் ஞாபகம் வரும் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் வருகிறது.

கால் அளவை மறக்காதே. கெனுவே கையால் நாலு வரி எழுதச் சொல்.

மாகெனுவே


ஹா ரமொசா
26 அக்டோபர் 1997

அன்பு அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல். எழுதத் தாமதமாகிவிட்டது, விதைப்பு வேலை. மழை நன்றாகப் பெய்கிறது. அண்ணன் நலம். கெனுவே நலம், பரீட்சைக்குப் படிக்கிறாள், அதனால் எழுத நேரமில்லை. கால் அளவு இதோடு இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
மொசெலே


கென்சிங்டன்
2 நவம்பர் 1997

மொசெலே,

உன் நலத்தை அப்புறம் கேட்கிறேன்.

நீ அனுப்பிய தாளில் இருப்பது உன் கால். எனக்குத் தெரியாதா? சப்பைக் குதிகால், மடங்கின சுண்டுவிரல், உங்கள் வீட்டுக் கால். என் மகளுக்கு என் கால். இரண்டாம் விரல் பெருவிரலைத் தாண்டி நிற்கும். உன் காலுக்குப் பூட்ஸ் வேண்டுமென்றால் வாயைத் திறந்து கேட்டிருப்பாய், கேட்கிற ஆள்தான் நீ. அளவெடுக்க என் மகளின் கால் வீட்டில் இல்லை, அதனால்தான் உன் காலை வைத்துக் கோடு போட்டாய்.

கபி அண்ணனைப் பிடித்து உலுக்கினேன். தலையைச் சொறிந்தார். "நான் வண்டி ஓட்டுறவன்மா, என் வாயைக் கிளறாதீங்க" என்றார். வேனின் சாவியைப் பிடுங்கி என் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு சொன்னார், "த்லாலிக்காரங்க தூக்கிட்டுப் போய் ஒரு மாசம் ஆச்சும்மா. உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

ஒரு மாசம், மொசெலே. நான் இங்கே யாருடைய பிள்ளைகளுக்கோ தலை வாரிக்கொண்டிருந்தேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். புது மருமகளுக்கு வெட்டுகிற க்வாய் ஆட்டை வெட்டிவிட்டார்களா? அவள் சாப்பிட்டாளா? சாப்பிட்டிருந்தால் அவள் அவர்கள் வீட்டுப் பெண், நான் கத்தியும் பயனில்லை. சாப்பிடவில்லை என்றால் இன்னும் என் மகள். பதில் எழுது. இந்த முறை பொய் எழுதினால் என் முகத்தில் விழிக்காதே.

மாகெனுவே


ஹா ரமொசா
12 நவம்பர் 1997

அண்ணி,

நான் இருக்கிறேன். உங்கள் மகளும் இருக்கிறாள். அவள் சாப்பிடவில்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி மூச்சு விடுங்கள்.

செப்டம்பர் கடைசியில் தண்ணீருக்குப் போனாள். தனியாகத்தான் அனுப்பினேன். கூடப் போ என்று நீங்கள் எழுதிய கடிதம் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. மாலையில் த்லாலியிலிருந்து ஒரு பெரியவர் வந்து வாசலில் நின்று, "தேடாதீங்க, உங்க பொண்ணு எங்க வீட்ல இருக்கு" என்றார். அண்ணன் அவரை உட்காரச் சொல்லி பீர் ஊற்றினார். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது, இவருக்கு முன்பே தெரியும் என்று. தேடாதே என்று சொல்ல வந்தவனுக்கு யாராவது பீர் ஊற்றுவார்களா?

பெண்ணுக்கான மாடுகள் த்லாலியிலிருந்து வந்துவிட்டன, காலித் தொழுவத்தில் கட்டியிருக்கிறார்கள். அங்கே க்வாய் ஆட்டை வெட்டிக் கறியை அவள் முன்னால் வைத்தார்கள். உங்கள் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் பார்க்க வாயில் போடாதவரை மருமகள் என்று கூப்பிட முடியாது, மாப்பிள்ளையும் பக்கத்தில் வர முடியாது. அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளோடு படுத்துக்கொள்கிறாள். கிறிஸ்துமஸுக்குச் சுரங்கத்திலிருந்து ஆண்கள் எல்லாம் வருவார்கள். அப்போது இன்னோர் ஆட்டை வெட்டி, அத்தனை பேர் முன்னால் உட்கார வைக்கப் போகிறார்கள். அந்தக் கூட்டத்தில் எந்தப் பெண்ணும் முடியாது என்று சொன்னதில்லை.

எனக்குத் தெரியும் அண்ணி. என்னையும் இப்படித்தான் தூக்கினார்கள், நீங்கள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால். நானும் சாப்பிடாமல் இருந்தேன், நம் ஆட்கள் வருவார்கள் என்று. வந்தார்கள். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமலே போனார்கள். அன்றைக்கே தின்றுவிட்டேன். பிள்ளை இல்லை என்று என்னைக் கட்டியவன் விரட்டியது அதற்கப்புறம்.

ஏன் மறைத்தாய் என்பீர்கள். நீங்கள் அங்கே இருக்கிறீர்கள். நான் படுப்பது அண்ணன் கூரைக்குக் கீழே. "ஒரு வார்த்தை எழுதினே, உன் மூட்டையைக் கட்டிக்கோ" என்றார். எங்கே கட்டிக்கொண்டு போவேன்? திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மொசெலே


கென்சிங்டன்
16 நவம்பர் 1997

மரியாதைக்குரிய மூத்தார் மொகெத்தி அவர்களுக்கு,

உங்கள் தம்பி லெபோனாவின் மனைவி தலை குனிந்து வணங்கி எழுதுவது. உங்கள் உடம்பும் உங்கள் வீட்டு அடுப்பும் நன்றாக இருக்கட்டும்.

தொழுவத்துக்குப் புது மாடுகள் வந்திருப்பதாக வேன்காரர் கபி சொல்லி அறிந்தேன். அவற்றை விற்க வேண்டாம், சூடு போட்டு அடையாளம் வைக்க வேண்டாம், ஈன்றால் கன்றையும் தாயோடு விட்டுவையுங்கள். திரும்பிப் போகும்போது த்லாலிக்காரர்கள் ஒரு குறையும் சொல்லக் கூடாது.

என் மகள் ஜனவரியில் பள்ளிக்குப் போகிறாள். அவளுடைய தகப்பன் இருந்தால் அவர் பேசியிருப்பார். இல்லாததால் நான் பேச வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மாடுகளைத் திருப்பி அனுப்புங்கள்.

பணிவுடன்,
மாகெனுவே


ஹா ரமொசா
24 நவம்பர் 1997

தம்பி மனைவிக்கு,

நாங்கள் நலம். உன் கடிதத்தைப் பள்ளி வாத்தியார் வாசித்துக் காட்டினார். அவர் முன்னால் என் மானம் போயிற்று. இதையும் அவர்தான் எழுதுகிறார், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டபோது பனியில் குதிரை மேல் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்குப் போனவன் நான். நீ எங்கே இருந்தாய்? உன்னையும் மாடு கொடுத்துத்தான் என் தம்பி கொண்டு வந்தான், நீ கெட்டா போய்விட்டாய்? பள்ளிக்கூடம் போன பெண்கள் எல்லாம் கடைசியில் உன்னைப் போல அடுத்தவன் வீட்டுத் தரையைத்தான் துடைக்கிறார்கள்.

வீட்டில் இல்லாதவளுக்கு வீட்டுப் பேச்சில் இடமில்லை.

மொகெத்தி


த்லாலி
30 நவம்பர் 1997

அம்மாவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன், நீ எப்படி இருக்கிறாய்? அத்தை விறகு பொறுக்க வந்தவள் மாதிரி வந்து பென்சிலும் தாளும் கொடுத்தாள். பாறைக்குப் பின்னால் குந்தி எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் திட்டாதே.

நான் சாப்பிடவில்லை. களியும் கீரையும் தான். மாமொஹாபி அம்மாள் கெட்டவளாக இருந்தால் எனக்குச் சுலபம். நல்லவளாக இருக்கிறாள். "ஒரே ஒரு துண்டும்மா, நாக்குல வச்சு எடுத்துரு, யாரு பாக்கப் போறா" என்று கெஞ்சுகிறாள். ஒரு நாள் களிக்கு அடியில் கறிக்குழம்பை ஊற்றி மறைத்திருந்தாள். மோந்து பார்த்துத் தள்ளிவிட்டேன். "அடியே, உனக்கு இருக்கறது மூக்கா, நாய் மூக்கா?" என்று அவளே சிரித்துவிட்டாள். நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. மொஹாபி என்னோடு பேசுவதே இல்லை, ரேடியோவை மட்டும் சத்தமாக வைக்கிறான்.

எனக்கு ஆட்டுக்கறி எவ்வளவு பிடிக்கும் என்று உனக்குத் தெரியும்தானே? வாசனை வரும்போது அழுகை வருகிறது. வெட்கமாக இருக்கிறது.

கறி தின்னும் முன்பே எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள். மாதெபெலோ. இன்னும் பிறக்காத பிள்ளையின் அம்மா. அப்படிக் கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை. அங்கே உன்னை மேரி என்று கூப்பிட்டால் நீ திரும்புகிறாயா?

கிறிஸ்துமஸுக்கு நீ வருவாயா? வருவாய் என்றால் அதுவரை தாங்குவேன். வரமாட்டாய் என்றால் அதையாவது சொல்லிவிடு.

கெனுவே


கென்சிங்டன்
7 டிசம்பர் 1997

மொசெலே,

நான் இருக்கிறேன். நீயும் இருக்க வேண்டும், எனக்கு நீ இப்போது தேவை.

என் மகள் கேட்டதற்கு இங்கேயே பதில் சொல்கிறேன். ஆமாம், திரும்புகிறேன். மேரி என்றால் திரும்புகிறேன், கையையும் துடைத்துக்கொண்டு ஓடுகிறேன். அந்த ஓட்டத்தில்தான் பள்ளிக்கட்டணம் இருக்கிறது.

மேடத்திடம் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். "டிசம்பர்லயா? நாங்க கடலுக்குப் போறோம்னு உனக்குத் தெரியாதா? நாய்ங்களை யாரு பாத்துக்கறது?" என்றாள். மகளைத் தூக்கிப் போய்விட்டார்கள் என்று சொன்னேன். இதற்கு முன் எதையும் அவளிடம் சொன்னதில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். உண்மையாகவே கண் கலங்கியது. அப்புறம், "ஆனா மேரி, அது உங்க வழக்கம்தானே?" என்று கேட்டுவிட்டு நீச்சல் உடைகளை மடிக்கக் கொடுத்தாள். அலமாரிச் சாவி அவள் கைப்பையோடு கடலுக்குப் போகிறது.

அலமாரியை உடைக்க எனக்குக் கை இருக்கிறது. உடைத்தால் திருடி என்று போலீஸ் வரும். உடைக்காமல் எல்லை ஆற்றைத் தாண்டி ஓடி வந்தாலும் இந்த வேலை போச்சு. வேலை போனால் பள்ளி போச்சு. பிறகு எதற்காக அவளைக் கூட்டி வருவது? அடுத்த குதிரைக்காரன் வரும்வரை மூத்தார் வீட்டில் உட்கார வைக்கவா? திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் வரவில்லை.

நீ போ. நீ அவளுடைய அத்தை, தகப்பனோடு பிறந்தவள். விருந்து வீட்டில் பெண்ணின் அத்தையை வாசலில் நிறுத்த அவர்களால் முடியாது. உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார். என்ன செய்வாயோ தெரியாது, அந்தக் கறி அவள் வாய்க்குள் போகக் கூடாது.

போன பிறகு எங்கே படுப்பாய் என்று பயப்படுகிறாய். இதோடு என் வீட்டுச் சாவியை வைத்திருக்கிறேன். ஆம்பளை இல்லாத வீட்டில் பெண்கள் தனியாகப் படுக்கக் கூடாது என்று மூத்தார் பூட்டவைத்த அந்த இரண்டு அறை. நான் இங்கே சட்டை சட்டையாக இஸ்திரி போட்டு அங்கே போட்ட கூரை அது. நான் அதன் கீழ் படுத்தது மொத்தமே சில நாள்தான். திறந்து உள்ளே போ. அங்கே உன்னை மூட்டை கட்டச் சொல்ல ஒருவனும் கிடையாது.

கெனுவேயிடம் உண்மையைச் சொல். அம்மா வரவில்லை.

மாகெனுவே


ஹா ரமொசா
8 ஜனவரி 1998

அன்பு அண்ணிக்கு,

புது வருஷம் உங்களுக்கு நல்லதைக் கொண்டு வரட்டும். நான் நலம், வயிறு மட்டும் கொஞ்சம் கெட்டுப்போயிற்று, காரணம் கீழே வருகிறது. ஆறு பெருகிக் கபி அண்ணனின் வேன் கணவாய்க்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதனால்தான் இத்தனை நாள் கடிதம் இல்லை. என் மேல் சந்தேகப்பட்டிருப்பீர்கள், பட்டால் தப்பில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விருந்து. நீங்கள் கொடுத்த கோட்டைப் போட்டு, மேலே கம்பளி போர்த்திக்கொண்டு போனேன். த்லாலி முழுக்க அங்கே இருந்தது. சுரங்கத்து ஆண்கள் புதுத் தொப்பியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நம் அண்ணனும் நடுவில், கையில் பீர்க்குடுவை. என்னைப் பார்த்ததும் குடுவை வாய்க்குப் பாதி வழியில் நின்றது. நான் யாரையும் கேட்கவில்லை. பாயில் கெனுவே தலைவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அம்மா வரலை. நான் வந்திருக்கேன். கொஞ்சம் நகரு" என்று சொல்லி அவள் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். குச்சியாக இருந்தாள், அண்ணி.

மாமொஹாபி தட்டைக் கொண்டு வந்து வைத்தாள். ஒரு துண்டை எடுத்து அவள் உதட்டுக்குக் கொண்டு போனாள். கெனுவேயின் தாடை நடுங்குவது என் தோளில் தெரிந்தது. அவளால் இனி முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அதுவரை என்ன செய்வதென்று எனக்கும் தெரியாது, சத்தியமாகத் தெரியாது.

அந்தத் துண்டைப் பிடுங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன்.

ருசி பார்க்கிறாள் போல என்று விட்டுவிட்டார்கள். தட்டை மடியில் இழுத்துக்கொண்டு இன்னொரு துண்டு தின்றேன். அப்புறம் இன்னொன்று. எலும்பைக்கூட விடவில்லை, உறிஞ்சினேன். உப்புக் கொஞ்சம் தூக்கல். எல்லாம் முடித்துத் தட்டைக் கவிழ்த்து வைத்தேன். "அடிப் பாவி, என்ன பண்ணிட்டே!" என்று மாமொஹாபி அலறினாள்.

"க்வாய் ஆட்டைத் தின்னவதானே இந்த வீட்டு மருமக? தின்னாச்சு" என்றேன். "எம் பேரு மொசெலே. வயசு நாப்பது, இருமல் உண்டு. நாளைக்குத் தண்ணி தூக்கணுமா, சாணி மெழுகணுமா, சொல்லுங்க மாமியாரே. மாப்பிள்ளை எங்கே? வெட்கப்படாம வரச் சொல்லுங்க."

மொஹாபி ஏற்கெனவே தொழுவத்துக்குப் பின்னால் ஓடியிருந்தான். ஒரு கிழவருக்குச் சிரிப்பில் பீர் மூக்கில் ஏறிவிட்டது. அவர் சிரித்ததும் பெண்கள் சிரித்தார்கள், பிறகு தொப்பிக்காரர்களும். அண்ணன் ஒருவர்தான் சிரிக்கவில்லை. கடைசியில் அந்த வீட்டுப் பெரியவர் கைத்தடியால் தரையைத் தட்டினார். "ஒரு ஆட்டை இந்தப் பொண்ணு தொடலை. இன்னொண்ணை அத்தைக்காரி முழுங்கிட்டா. மூணாவது ஆட்டை வெட்டினா மலைக்கு அந்தப் பக்கம்கூடச் சிரிப்பாங்க. எழுந்திருங்கடா, நாளைக்குப் போய் நம்ம மாட்டை ஓட்டிட்டு வாங்க" என்றார்.

வெளியே அண்ணன் மறித்தார். "என் வீட்டுப் படியை மிதிக்காதே." "மிதிக்கலை, எனக்கு வேற படி இருக்கு" என்று உங்கள் சாவியைக் காட்டினேன். மாடுகள் போய்விட்டன. ஒன்றை அவர் விற்றிருக்கிறார், அது அவர் பாடு, த்லாலிக்காரர்கள் பாடு. நாங்கள் உங்கள் வீட்டில் இருக்கிறோம். மிஷன் பள்ளிக்குக் கெனுவேயோடு நானே போய்ப் பேசிவிட்டு வந்தேன். மாத முடிவில் திறக்கிறார்கள், அவள் இடம் இருக்கிறது.

அண்ணி, அந்தக் காலத்தில் நான் தின்ற கறி எனக்கு இனித்தது. அவ்வளவு பசி. அதை யாரிடமும் சொன்னதில்லை, அந்த இனிப்பை நினைத்தே இத்தனை வருஷம் வெட்கப்பட்டேன். இந்தக் கறியைத் தின்னும்போது வெட்கமே இல்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், ஆனால் இனி உங்களிடம் எதையும் விடுவதில்லை என்று முடிவு. நடுவில் ஆறு பெருகி விருந்தன்றுதான் கடக்க முடிந்தது; அதனால், நீங்கள் வரவில்லை என்பதை முன்னாலேயே போய்ச் சொல்ல முடியாமல் போயிற்று. நான் அந்த வாசலில் நுழைந்தபோது கெனுவே போர்வையை விலக்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தாள். நான் உட்கார்ந்த பிறகும் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் வேன் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்குப் போகிறாள். நான் கவனிக்கிறேன் என்று தெரிந்தால் எதையோ எடுக்க வந்தவள் போல வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருகிறாள்.

உங்கள் மொசெலே


கென்சிங்டன்
18 ஜனவரி 1998

மொசெலே, என் தங்கமே,

உன் வயிறு நலமா? அந்த வயிற்றுக்குக் கோடி கும்பிடு. நீ தட்டைக் கவிழ்த்த இடத்தில் நான் சிரித்த சிரிப்புக்கு நாய்கள் என்னைப் பார்த்துக் குரைத்தன. கடைசிப் பகுதியை மறுபடியும் மறுபடியும் படித்தேன். நீ அதை எழுதாமல் விட்டிருக்கலாம். விடாமல் எழுதினாயே, அது நல்லது.

மேடம் கடலிலிருந்து தோல் உரிந்து வந்து சேர்ந்தாள். பெட்டிகளை அவிழ்க்கச் சொன்னாள். நான் அவிழ்க்கவில்லை. "என் பாஸ்போர்ட்டைக் கொடுங்க மேடம். வெள்ளிக்கிழமை போறேன், திங்கட்கிழமை வர்றேன். இனிமே மாசாமாசம் போவேன்" என்றேன். "இப்பவேவா? துணியெல்லாம் ஈரமா கிடக்கு" என்றாள். "ஈரமாவே கிடக்கட்டும்" என்றேன். அப்படிச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். சின்னப் பெண்கள் இரண்டும் மாடிப்படியில் நின்று வாயைப் பிளந்து பார்த்தன. பாஸ்போர்ட் இப்போது என் மார்புக்குள் இருக்கிறது.

பாலத்தில் காலாவதி முத்திரையைப் பார்த்தால் என்ன செய்வார்களோ தெரியாது. திட்டிவிட்டு விடலாம். வீட்டுப் பக்கம் விட்டு, திரும்பி வரும்போது வழியை அடைத்துவிடலாம். அடைத்தால் மறுபடி முயல்வேன், இங்கே இல்லையென்றால் இன்னொரு வீட்டில், இன்னொரு பெயரில். கைகால் இருக்கிறது, துடைக்கத் தரை இல்லாத ஊர் எது? முதல் தவணைக் கட்டணத்தைப் பாவாடை இடுப்பில் வைத்துத் தைத்துவிட்டேன், அதை என் கையாலேயே கட்டுகிறேன்.

எதையும் மறைக்காதே என்று உன்னைத் திட்டியவள் நான். இந்த ஒன்றை மட்டும் மறைத்துவிடு. நான் வருகிறேன் என்று கெனுவேயிடம் சொல்லாதே. சொன்னால் வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருவேளை பாலத்திலேயே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டால்? அவள் பார்த்தது போதும். ஏதாவது வேலை கொடுத்து வீட்டுக்குள்ளேயே வை.

நான் வந்து கதவைத் தட்டுகிறேன்.

மாகெனுவே